வவ்வால் தண்ணீர் குடிக்க வரும் நேரம்

பாலைவனத்துக்கு வவ்வால் ஆய்வுக்காகப் போகிறவர்கள் அங்கே இறங்கியதும் முதலில் விசாரிப்பது, தண்ணீர் எங்கே கிடக்கிறது என்பதைத்தான். குகை, பாழடைந்த கோட்டை, கைவிட்ட சுரங்கம் எல்லாம் பிறகு. அமெரிக்காவின் அரிசோனாவானாலும் இஸ்ரேலின் நெகேவ் பாலையானாலும் இந்த வழக்கத்தில் மாற்றம் இல்லை. பகலெல்லாம் பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடந்த விலங்கு பொழுது சாய்ந்ததும் தாகத்தோடு வெளியே வருகிறது. சுற்றுவட்டாரம் முழுக்க மணலும் சரளையுமாக இருந்து நடுவே ஒரே ஒரு குட்டை கிடந்தால், எந்தப் பாறையில் தூங்கியதென்றே தெரியாத வவ்வாலும் அங்கே வந்து சேரும்.

இந்தச் சூத்திரம் கொங்கு நாட்டுக்குப் பொருந்துமா? பாதி பொருந்தும். பொருந்தாத பாதிதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது.

கொங்கு நாடு பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை வால்பாறைப் பக்கத்து மலைகளே வாங்கிக்கொள்வதால் சமவெளிக்குக் காற்றுதான் மிச்சம். மாசி பிறந்துவிட்டால் காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். வெள்வேல மரமும் கிளுவை வேலியும் மட்டும் நிற்கும். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் திரிந்து பாலையாகும் என்பது நம் பழைய திணை இலக்கணம். சித்திரை மாதத்துக் கொறங்காட்டில் நடந்து பார்த்தவருக்கு அதற்கு உரையாசிரியர் தேவைப்படமாட்டார்.

வவ்வாலுக்கு ஏன் இவ்வளவு தாகம் என்றால், காரணம் அதன் சிறகு. விரல்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய தோல்தான் அது. உடலோடு ஒப்பிட்டால் பரப்பு மிகப் பெரியது. ஏறக்குறைய மயிரே இல்லாதது. உள்ளே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. ஈரத்துணியைக் கொடியில் விரித்துப் போட்டது போல அதன் வழியே உடலின் நீர் ஆவியாகிப் போகிறது. பறக்கும்போது வாங்கும் மூச்சிலும் இன்னும் கொஞ்சம் போகும். பாலைக்கே பழகிய இனங்கள் சில, சிறுநீரை அடர்த்தியாக்கி நீரைச் சேமிக்கின்றன. இரையின் உடலில் இருக்கும் ஈரத்தையே குடிநீராக்கிக்கொள்கின்றன. அமெரிக்கப் பாலைகளில் வாழும் வெளிர் வவ்வால் தரையில் இறங்கித் தேளைப் பிடித்துத் தின்னும். மனிதரைத் துடிக்கவைக்கும் அந்தத் தேள் கொட்டினாலும் அது அசருவதில்லை. நெகேவிலும் இப்படித் தேள் தின்னும் நீள்காது வவ்வால் ஒன்று உண்டு. ஆனால் குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்தில் இந்தச் சிக்கனம் எல்லாம் போதாமல் போகிறது. கொலராடோவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுக்கும் தாய் வவ்வால்கள் மற்றப் பெண் வவ்வால்களைவிட 13 மடங்கு அதிகமாகத் தண்ணீருக்கு வந்துபோனது பதிவாகியிருக்கிறது. கோடையில் தண்ணீர்க்கரையில் வலை கட்டுகிறவர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. வலையில் விழுவது குட்டியை எங்கோ தொங்கவிட்டு வந்த தாயாக இருக்கக்கூடும்.

வவ்வால் கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதில்லை. பறந்தபடியே தாழ இறங்கி, வாயைத் திறந்து, நீர்ப்பரப்பை ஒரு கணம் உரசி அள்ளிக்கொண்டு மேலேறுகிறது. அதற்கு ஓடுபாதை வேண்டும். உருவம் சிறிய, திரும்பும் லாகவம் உள்ள இனங்களுக்குப் பத்தடிக் குட்டை போதும். நீளச் சிறகோடு வேகமாகப் பறக்கும் இனங்களுக்குத் தடையில்லாத நெடும்பரப்பு தேவை. இருட்டில் இது தண்ணீர்தான் என்று எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்விக்கு 2010இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டெஃபான் கிரைஃப், பியோர்ன் சீமர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அழகான விடை கண்டார்கள். அறைக்குள் வழவழப்பான உலோகம், பிளாஸ்டிக், மரப் பலகைகளைக் கிடையாக வைத்தார்கள். வவ்வால்கள் அவற்றைக் குடிக்க முயன்றன. ஒன்றும் கிடைக்காமல் போன பிறகும் மறுபடி மறுபடி வந்தன. அதுவரை குளத்தையே கண்டிராத இளம் குட்டிகளும் அப்படித்தான் செய்தன. கிடையாகவும் வழவழப்பாகவும் இருக்கிற பரப்பு, சாய்வாக வரும் ஒலியைக் கண்ணாடி போல அப்பால் எறிந்துவிடுகிறது. நேர்கீழிருந்து மட்டும் எதிரொலி திரும்புகிறது. வவ்வாலின் காதில் தண்ணீர் என்பது அந்த ஒலியின் வடிவம்தான்.

இனி வலை. ஆய்வாளர்கள் பயன்படுத்துவது மிஸ்ட் வலை. ஜப்பானியப் பறவைப் பிடிகாரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த தொழில்நுட்பம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அறிவியல் உலகுக்கு வந்தது. தலைமுடி போன்ற நைலான் இழை. கண் ஒன்றின் அகலம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் 6, 9, 12 மீட்டர். இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினால் குறுக்கே ஓடும் கயிறுகளுக்குக் கீழே வலை தொளதொளவென்று பைகளாகத் தொங்கும். மோதும் வவ்வால் அந்தப் பைக்குள் சரிந்து சிக்கிக்கொள்ளும். விறைப்பாகக் கட்டினால் தட்டிவிட்டுப் போய்விடும். அதனால் வலையைத் தளர்வாகக் கட்டுவதுதான் கைப்பழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், முறையான அனுமதியோடு வந்திருந்த ஓர் ஆய்வுக் குழுவுக்குக் கம்பம் சுமக்கும் உதவியாளனாகப் போனேன். உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. எனும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து நிரம்பிய ஒரு பெரிய குளம். கரையோரம் மூன்று வலை கட்டி நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தோம். மாட்டியது என் சட்டைப் பொத்தான் மட்டும்தான். பட்டியில் ஆடு அடைத்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இத்தனை தண்ணீர் இருக்கும்போது அது உங்கள் வலைக்கு முன்னால் வந்துதான் குடிக்க வேண்டுங்களா?" என்று கேட்டார். நீர் மிகுந்தால் வவ்வால் சிதறிவிடுகிறது, அருகினால் ஒரே இடத்தில் கூடுகிறது என்று பாலை ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். மறுநாள் அவர் கைகாட்டிய இடத்தில், ஆழ்துளைக் கிணற்று நீர் வழிந்து தேங்கிய இருபதடிக் குட்டையின் குறுக்கே ஒரே ஒரு வலை கட்டினோம். இருட்டி அரை மணி நேரத்துக்குள் கை ஓயவில்லை.

கொங்கு நாட்டில் இப்படித் திறந்து கிடக்கும் குட்டைகள் கோடையில் அபூர்வம் என்பதுதான் சிக்கல். இங்கே தண்ணீர் கீழே இருக்கிறது. பாலைவன நூல்கள் சொல்லும் நீர்நிலை தரைமட்டத்தில் பரந்து கிடப்பது. கொங்குத் தோட்டத்தின் நீர்நிலையோ பாறையை வெட்டி இறக்கிய கிணறு. வண்டியே உள்ளே போகும் அகலம், பனைமர ஆழம், பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் கிடையாது. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்து வாரிக்கல் இன்னும் சிலவற்றில் நிற்கிறது. வவ்வால் உள்ளே சுழன்று இறங்கி, அடியில் கிடக்கும் நீரை உரசிக் குடித்துவிட்டு, மறுபடி சுழன்று மேலேற வேண்டும். அகலமான கிணற்றில் சின்ன இனங்களுக்கு இது முடிகிறது. நேராகச் சீறிப் பறக்கும் இனங்களால் முடிவதில்லை. ஒரே ஊரில் ஒரே அளவு தண்ணீர் இருந்தாலும், அது குட்டையில் கிடக்கிறதா கிணற்றில் கிடக்கிறதா என்பதைப் பொறுத்துக் குடிக்கக்கூடிய வவ்வால்களின் பட்டியலே மாறிவிடும்.

இந்தக் கிணற்றில் வலை கட்ட முடியுமா? கட்டக் கூடாது என்பது என் கட்சி. இருட்டில், கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில், தலைவிளக்கை அணைத்துவிட்டு நடமாடுவது ஆளுக்கு ஆபத்து. சிக்கிய வவ்வால் பாதியில் நழுவினால் விழுவது நேரே தண்ணீரில்தான். செங்குத்துச் சுவரில் பிடிமானம் கிடைக்காவிட்டால் அதற்கும் ஆபத்து. போதாததற்குக் கைவிட்ட கிணறுகள் பல வவ்வால்களுக்கு வீடும்கூட. குகைகளில் தங்கும் பழ வவ்வால் தமிழ்நாட்டில் பழங்கிணறுகளின் பாறைப் பொந்துகளிலும் கூட்டமாகத் தங்குகிறது. இந்தப் பழ வவ்வால் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலியின் எதிரொலியால் வழி அறிவது, பழந்தின்னிகளில் அதிகம் காணாத திறமை. வாசலிலேயே வலை கட்டினால் ஒட்டுமொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து மோதும். இரண்டு கையால் விடுவித்து மாளாது. வவ்வால் வீட்டுக்கு வவ்வால் விருந்து வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்பார்கள். அந்த வீட்டுக்குப் போகும் ஆய்வாளர் சற்று எட்ட நின்று, அகச்சிவப்பு ஒளியில் கேமராவை வைத்து, வெளியேறும் தலைகளை எண்ணிக்கொண்டு வருவதுதான் மரியாதை.

எண்ணலாம், ஆனால் என்ன இனம் என்று எப்படித் தெரியும்? இங்கே வருகிறது ஒலிப்பதிவுக் கருவி. வவ்வால் பார்வையால் வழி அறிவதில்லை என்று 1790களிலேயே இத்தாலியின் ஸ்பல்லன்சானி சோதித்துப் பார்த்தார். சுவிட்சர்லாந்தின் ஜுரின் காதை அடைத்து, காதுதான் வழிகாட்டி என்று காட்டினார். ஆனால் அந்த ஒலி என்னவென்று கேட்க 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் செய்து வைத்திருந்த மீயொலிக் கருவியின் முன் ஒரு வவ்வாலைக் கொண்டுபோய் நிறுத்தினார். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; பூச்சி தின்னும் வவ்வால்களின் பேச்சு பெரும்பாலும் அதற்கு மேலேதான் தொடங்குகிறது. இன்று கைக்கு அடக்கமான கருவியை வேப்பமரத்தில் கட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். இரையை நெருங்கும்போது விநாடிக்கு இருநூறை எட்டும் ஒலிச்சரம் ஒன்று பதிவாகும். தண்ணீரை உரசும் முன்பும் அதுபோன்ற ஒரு சரம் வரும். பதிவைப் பார்த்தே இது சாப்பாடு, இது தண்ணீர் என்று பிரிக்கப் பழகியவர்கள் உண்டு.

ஒலியை வைத்து இனம் பிரிப்பது ஆள் குரலைக் கேட்டு ஊரைச் சொல்வது போன்றது; சில நேரம் பலிக்கும். பாலை இனமான எலிவால் வவ்வாலை எடுத்துக்கொள்ளலாம். எலிக்கு இருப்பது போல் நீண்ட வால் வெளியே தொங்கும் இந்த வவ்வால் வட ஆப்பிரிக்காவிலிருந்து ராஜஸ்தான் வழியாகத் தென் தமிழ்நாடு வரை பரவியிருக்கிறது. மதுரைப் பக்கம் இதை ஆராய்ந்து 1981இல் எழுதிய ஜெர்மானியர் ஹாபர்செட்சர் ஒரு வேடிக்கையைக் கண்டார். தனியே பறக்கும்போது 32.5 கிலோஹெர்ட்ஸில் குரல் கொடுக்கும் வவ்வால், கூட்டமாகப் பறக்கும்போது ஒன்று 30க்கும் ஒன்று 35க்கும் விலகிக்கொள்கிறது, ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் குழம்பாமல் இருக்க. ஒரே இனம், மூன்று சுருதி. கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பியவர் இதை மூன்று இனம் என்று எழுதிவிடக்கூடும். அப்போது கையில் பிடித்துப் பார்த்தால்தான் தீரும்.

பிடிக்கும் கருவிகளுக்கும் ஓரவஞ்சனை உண்டு. மனைகளிலும் குகைகளிலும் தங்கும் இலைமூக்கு வவ்வால் ஒன்று 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் குரல் கொடுக்கிறது. அலை குறுகக் குறுக நுணுக்கம் கூடும் என்பதால் வலையின் இழையே அதற்குத் தெரிந்துவிடுகிறது. வலைவரை வந்து, முகர்ந்து பார்த்தது போல நின்று, திரும்பிப் போய்விடும். அதற்கு யாழ்ப்பொறி வேண்டும். செங்குத்தாக நரம்பு நரம்பாகக் கம்பி இழுத்த இரண்டு சட்டங்கள், கீழே ஒரு பை. முதல் வரிசையைச் சாய்ந்து தாண்டும் வவ்வால் இரண்டாவதில் முட்டி, கம்பி வழியே சறுக்கிப் பையில் விழும். 1958இல் கான்ஸ்டன்டைன் செய்ததை 1974இல் டட்டில் மேம்படுத்திய வடிவம் இது. உயரத்திலேயே பறக்கும் கல்லறை வவ்வால்களுக்கோ இரண்டும் பயனில்லை. அவை குரலாக மட்டுமே கிடைக்கும். தவளையும் எலியும் தின்னும் பொய் இரத்தக்காட்டேரி வவ்வால் மெல்ல முணுமுணுப்பதால் ஒலிக்கருவியில் அநேகமாக விழாது. பாழடைந்த தோட்டத்துச் சாளை வீட்டின் தரையில் கிடக்கும் தவளைக் கால்களையும் பூச்சிச் சிறகுகளையும் வைத்து அதைக் கண்டுகொள்ளலாம். வலையில் இத்தனை இனம் கிடைத்தது என்ற பட்டியலைப் படிக்கும்போதெல்லாம், வலை யாருக்குத் தெரிந்துவிட்டது என்ற கேள்வியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிடித்த பின் என்ன? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வலையைப் பார்க்காதவர் வலை கட்டவே கூடாது. எந்தப் பக்கமிருந்து நுழைந்தது என்று பார்த்து, காலை முதலில் விடுவித்து, பிறகு சிறகு, கடைசியில் தலை. துணிப்பையில் போட்டு எடை. கொங்குச் சமவெளியில் தெருவிளக்கைச் சுற்றும் குட்டி வவ்வால் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட வராது. அதே ஊர் ஆலமரத்தில் தொங்கும் பழந்தின்னி ஒரு கிலோவைத் தாண்டும். முன்கை எலும்பின் நீளம்தான் முக்கியமான அளவு. சிறகை விரித்துப் பின்னால் டார்ச் அடித்தால் விரல் மூட்டில் ஒளி ஊடுருவும் இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் அது இளசு. கர்ப்பம் என்று தெரிந்தால் அளவெடுப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு விட்டுவிட வேண்டும். தரையில் வைத்துவிட்டு வரவும் கூடாது. பல இனங்களால் தட்டைத் தரையிலிருந்து எழும்ப முடியாது. கையை உயர்த்திப் பிடித்தாலோ மரத்தில் ஒட்டவைத்தாலோ போதும்.

இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்பவர்களுக்கு மேகமலைக் கதையைச் சொல்வேன். 1948இல் அங்கே பிடித்த ஒரு பழ வவ்வால், சாதாரண இனத்தின் பெயர்ச்சீட்டோடு பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972இல் தாய்லாந்தின் கிட்டி தோங்லோங்யா அளந்து பார்த்து, அது அறிவியல் அறியாத தனிப் பேரினம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரை வைத்தார். அதே சாலிம் அலி பெயரிலான பறவையியல் மையம் இன்று கோயம்புத்தூர் ஆனைக்கட்டியில் இருக்கிறது. கோயம்புத்தூரில் இயங்கும் விலங்குக் காட்சியகத் தொடர்பு அமைப்பு, தெற்காசிய வவ்வால் ஆய்வாளர்களை இணைக்கும் வலைப்பின்னலையே நடத்தியது. கொங்கு நாட்டில் வவ்வால் அறிவுக்குப் பஞ்சமில்லை. மலைக்காட்டை ஆராய்ந்த அளவுக்குச் சமவெளியைத்தான் ஆராயவில்லை என்பது என் குறை.

அதற்குக் காற்றும் ஒரு காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசியில் தொடங்கும் காற்று ஆடியில் அம்மியையும் பறக்கவிடும். இழை வலை எம்மாத்திரம்? அசையும் வலை வவ்வாலுக்குத் தெரிந்துவிடும். ஆக மாசியிலிருந்து சித்திரைக்குள்தான் வேலை. அதிலும் பல இனங்கள் நிலா வெளிச்சத்தில் வெட்டவெளிக்கு வரத் தயங்குவதால் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் போய்விடும். அந்தக் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகளையும் இங்கே சொல்ல வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காற்றாலை இறக்கையில் பட்டு வவ்வால்கள் ஏராளமாக இறப்பது நன்கு பதிவான செய்தி.

சட்டம் வெகுநாள் வவ்வால் பக்கம் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வவ்வால்களை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லை உயிர்கள் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீங்கியது. மூச்சிரைப்புக்கு வவ்வால் கறி என்ற நம்பிக்கையில் சுடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு, கணவாய்க்கு இந்தப் பக்கமும் வவ்வால் மரத்தை வெட்டலாமா என்ற பேச்சு எழுந்தது. நிபா உண்மை, ஆய்வாளர்கள் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வவ்வாலைத் தொடாததும் அதனால்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார்கள். கூட்டைக் கலைத்தால் வவ்வால்கள் சிதறி வேறு மரங்களுக்குப் போகும், அவ்வளவுதான். பருத்தியையும் நூலையும் நம்பி வளர்ந்த கொங்கு நாட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. டெக்சாஸின் எட்டு மாவட்டங்களில் பருத்திக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகளை வவ்வால்கள் தின்பதால் விவசாயிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 7,41,000 டாலர் மிச்சமாகிறது என்று 2006இல் கணக்கிட்டார்கள். இங்கே அப்படிக் கூட்டிப் பார்க்க, முதலில் எத்தனை வவ்வால், என்ன இனம் என்று தெரிய வேண்டும்.

கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் குழாய் நீரைப் பண்ணைக்குட்டையில் தேக்கும் காலம் இது. கறுப்பு பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட அந்தக் குட்டைகள் வவ்வாலின் காதுக்கு அருமையான தண்ணீர்; கிணற்றைப் போலச் சுழன்று இறங்க வேண்டாம், நீளமும் போதும். ஆனால் குடிக்கும்போது தவறி விழுந்த வவ்வால் வழுக்கும் விரிப்பில் ஏற முடியாமல் செத்து மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க வறள்நிலங்களில் மாட்டுத் தொட்டிகளுக்குள் சாய்வான கம்பி வலைத் தட்டுப் பொருத்துவது இப்போது பரவலான நடைமுறை. வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் அதற்குப் பதிலாகப் பழைய தேங்காய்நார்க் கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டி, நுனியைத் தண்ணீருக்குள் நான்கு மூலையிலும் தொங்கவிட்டிருந்தார்கள். ஓணானும் அணிலும் விழுந்து தண்ணீர் கெட்டுப்போகிறது என்று கட்டியதாகத் தோட்டக்கார அம்மா சொன்னார். விடியலில் போய்ப் பார்த்தபோது ஒரு கயிற்றில், நனைந்த சிறகை மடக்கியபடி, குட்டி வவ்வால் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.